ஒரு சொல்லின் வரலாற்றைத் தேடுவது எப்படி? அகராதி வாசிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பொருள் தெரியாத சொல் எதிர்ப்படும்போது மட்டுமே அகராதியைத் திறக்கிறார்கள். பொருள் நன்றாகத் தெரியும் என்று நாம் நினைத்திருக்கும் சொற்களைத் தேடும்போதுதான் அகராதி மிகுதியாகத் தருகிறது என்பது என் அனுபவம். திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் ‘கிழமை’ என்ன சொல், அதற்கும் ‘கிழவன்’ என்ற சொல்லுக்கும் உறவு உண்டா என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தக் கேள்வி திருக்குறள், சங்க இலக்கியம், இலக்கண நூல், கல்வெட்டு என்று பல இடங்களுக்கு நம்மை அழைத்துச் சென்றுவிடும். அந்தத் தேடலை முறையாகச் செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். தேடல் முறையை விளக்குவதற்குக் ‘கிழவன்’ என்ற சொல்லையே தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன். தேவைப்படும் இடங்களில் வேறு சொற்களும் வரும்.

முதல் படி: கேள்விக்கு ஏற்ற அகராதியைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா அகராதிகளும் ஒரே கேள்விக்கு விடை சொல்ல எழுதப்பட்டவை அல்ல. இதை உணராமல் தேடுவதால்தான் பலருக்குத் தொடக்கத்திலேயே சலிப்பு ஏற்படுகிறது.

தமிழில் அகராதிகளுக்கு முன்னோடிகள் நிகண்டுகள். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை செய்யுளில் அமைந்தவை. மனப்பாடம் செய்வதற்காகவே இயற்றப்பட்டவை. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வகையால் அவை தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ‘யானைக்கு எத்தனை பெயர்கள் இருந்தன?’ என்று கேட்டால் நிகண்டு உடனே விடை தரும். ‘இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?’ என்று கேட்டால் சிறிது அலைய வேண்டியிருக்கும். அந்தக் கேள்விக்கென்றே சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருகிறது. எழுத்தாளர்கள் அந்த ஒரு தொகுதியையாவது நிதானமாக வாசிக்க வேண்டும் என்பேன். ஒரே சொல்லுக்குள் நெருக்கமான பொருளும் தொலைவான பொருளும் அருகருகே நிற்பதை அங்கே காணலாம்.

சொற்களை அகர வரிசையில் அடுக்கும் முறை பிற்காலத்தில் வந்தது. சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு 1594இல் முதலெழுத்தின் அடிப்படையில் சொற்களை வரிசைப்படுத்தியது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பிரிவுகளோடு அந்த முறையை நிலைநாட்டியது. இவற்றுக்கு இடையில், 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி, செய்யுள் வழக்கில் இடம்பெறாத பேச்சுச் சொற்களையும் பதிவு செய்திருப்பதால், 17ஆம் நூற்றாண்டின் அன்றாட மொழியை அறிய விரும்புவோருக்கு அரிய சான்றாக இருக்கிறது. பின்னர் பெப்ரிசியஸ் (1779), யாழ்ப்பாண அகராதி (1842), 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ (1862) என்று வரிசை நீள்கிறது.

சொல் வரலாற்றுத் தேடலில் நடுநாயகமாக இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் இணைப்புத் தொகுதியும் பெற்ற இந்தப் பேரகராதியில் முதல் ஆறு தொகுதிகளில் மட்டும் 1,04,405 சொற்கள் உள்ளன. இதன் பதிப்பாசிரியராக 1926 முதல் பணியாற்றியவர் ச. வையாபுரிப்பிள்ளை. இன்றைய வழக்கை அறிய 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும், வேர்களை அறியத் தேவநேயப் பாவாணர் 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலியும், பிற திராவிட மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் (1961, திருத்திய பதிப்பு 1984) துணை நிற்கும். இந்த நான்கும் கையெட்டும் தூரத்தில் இருந்தால் பெரும்பாலான தேடல்களைத் தொடங்கிவிடலாம். லெக்சிகன், வின்சுலோ, பெப்ரிசியஸ் ஆகியவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே தேடிப் படிக்க முடிகிறது.

இரண்டாம் படி: சொல்லின் தலைவடிவத்தைக் கண்டுபிடித்தல்

வாக்கியத்தில் கண்ட வடிவிலேயே ஒரு சொல் அகராதியில் இருக்காது. ‘கண்டேன்’ என்பதைக் ‘காண்’ என்பதிலும், ‘வந்தது’ என்பதை ‘வா’ என்பதிலும் தேட வேண்டும். லெக்சிகன் வினைகளை ‘நாறு-தல்’, ‘கறி-த்தல்’ என்று தொழிற்பெயர் ஈற்றோடு தருகிறது. அந்தத் ‘தல்’, ‘த்தல்’ வேறுபாடு வினை எவ்வாறு காலம் காட்டும் என்பதையும் சேர்த்தே உணர்த்திவிடும்.

தேடியது கிடைக்கவில்லை என்றால் ஒலி மாற்றங்களை நினைவுகூர வேண்டும். ஆண்டு, ஆறு, ஆமை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் யாண்டு, யாறு, யாமை. ஆகவே ஆகார வரிசையில் கிடைக்காத மேற்கோள் யகர வரிசையில் காத்திருக்கலாம். நண்டு பழைய நூல்களில் ஞண்டாக வரும். ரத்தம் இரத்தமாகவும், லோகம் உலோகமாகவும், ஜன்னல் சன்னலாகவும் பதிவாகியிருக்கலாம்.

மூன்றாம் படி: பதிவைப் பிரித்து வாசித்தல்

அகராதிப் பதிவு என்பது சுருக்கி எழுதப்பட்ட ஒரு வழக்காடல். தலைச்சொல், சொல்வகை, சொல் பிறந்த மூலம் பற்றிய குறிப்பு, எண்ணிடப்பட்ட பொருள்கள், ஒவ்வொரு பொருளுக்கும் அடைப்புக்குறிக்குள் ஒரு சான்று என்று அது அமைந்திருக்கும். பலர் முதல் பொருளை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் கண் முதலில் செல்வது அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தச் சுருக்கக் குறியீட்டுக்குத்தான்.

காரணம் இதுதான். ஒரு பொருளுக்கு எதிரே ‘குறள்’, ‘புறநா.’ என்று இலக்கியச் சான்று இருந்தால், அந்தப் பொருளில் யாரோ ஒருவர் அந்தச் சொல்லை உண்மையாகவே ஆண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். ‘பிங்.’, ‘திவா.’, ‘சூடா.’ என்று நிகண்டுச் சான்று மட்டும் இருந்தால், அந்தப் பொருள் நிகண்டு மரபில் பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே உறுதி. நிகண்டாசிரியர் எந்தப் பாடலை மனத்தில் வைத்து அதைச் சேர்த்தார் என்பது தெரியாமல் போகலாம். வின்சுலோவைச் சுட்டும் குறி மட்டும் இருந்தால், அந்தப் பொருள் 19ஆம் நூற்றாண்டின் ஓர் அகராதியை நம்பி நிற்கிறது. வட்டார வழக்கு என்ற குறி இருந்தால், நூல்களில் தேடுவதைவிட அந்த வட்டாரத்து மனிதர்களின் பேச்சைக் கேட்பது பயன் தரும். ஒரே பதிவுக்குள் ஐந்து பொருள்கள் ஒரே எழுத்தளவில் அச்சாகியிருந்தாலும், அவற்றின் சான்றுவலிமை ஒன்றல்ல. பழஞ்சொல் ஒன்றை எடுத்துத் தன் எழுத்தில் ஆள நினைப்பவர் இந்த வேறுபாட்டை அவசியம் பார்க்க வேண்டும்.

அகராதியும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘டோர்ட்’ என்ற சொல் ‘அடர்த்தி’ என்ற பொருளோடு இடம்பெற்றது. அடர்த்தி என்பதற்குப் பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’ (D or d) சுருக்கக் குறியாக வரும் என்று எழுதப்பட்ட சீட்டை யாரோ ஒரே சொல்லாகப் படித்துவிட்டதன் விளைவு அது. 1939இல்தான் அந்தப் பிழை கவனிக்கப்பட்டது. அந்த ‘டோர்ட்’ பதிவுக்குப் பின்னால் மூலமும் இல்லை, மேற்கோளும் இல்லை.

நான்காம் படி: மேற்கோளை அதன் இடத்தில் சென்று பார்த்தல்

இதுவே தேடலின் மையம். மகிழ்ச்சி மிகுதியாகக் கிடைப்பதும் இங்கேதான். ‘கிழவன்’ என்ற சொல்லை இப்போது பின்தொடர்வோம். இன்றைய வழக்கில் அது முதியவரைக் குறிக்கிறது, அதுவும் மரியாதைக் குறைவான தொனியில். லெக்சிகனில் ‘உரியவன்’, ‘தலைவன்’ என்ற பொருள்களும் உள்ளன. சான்றைத் தொடர்ந்து திருக்குறளுக்குச் சென்றால் உழவு அதிகாரத்தில் இந்தக் குறளைக் காண்கிறோம்:

செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து
இல்லாளின் ஊடி விடும்.

நிலத்துக்கு உரியவன் நாள்தோறும் சென்று பார்க்காமல் சோம்பியிருந்தால், நிலம் மனைவியைப் போலப் பிணங்கி ஊடிவிடும் என்பது கருத்து. பரிமேலழகரும் நிலத்துக்கு உரியவன் என்றே உரை காண்கிறார். முதியவர் என்ற பொருளை இங்கே பொருத்திப் பார்த்தால் குறளின் உவமையே சிதைந்துவிடும். மனைவி ஊடுவதும் நிலம் ஊடுவதும் உரிமையுள்ளவன் புறக்கணித்ததால்தான். ஆக, ஒரு சொல்லின் பழம்பொருளை நிறுவுவது அகராதி சொல்லும் விளக்கம் மட்டுமன்று, வேறு பொருளை ஏற்க மறுக்கும் சூழல்.

திருமுருகாற்றுப்படையின் கடைசி அடி இன்னும் இனிமையானது. என்றும் இளையோனாகப் போற்றப்படும் முருகனை, ‘பழமுதிர் சோலை மலைகிழ வோனே’ என்று அந்தப் பாட்டு அழைத்து முடிகிறது. மலைக்கு உரியவன் என்பதே அங்குப் பொருள். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்ற சங்கப் புலவர்களின் பெயர்களில் வரும் ‘கிழார்’ என்பதும் அந்தந்த ஊரில் உரிமை உடையவர் என்பதையே குறிக்கிறது. அகப்பொருள் இலக்கணம் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்கிறது. ஆறாம் வேற்றுமையின் பொருளை இலக்கண நூலார் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரிக்கிறார்கள். கிழமை என்றால் உடைமை உறவு. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு வாரநாளின் பெயர் தானாகவே திறந்துகொள்கிறது: ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கு உரிய நாள், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கோளுக்கு உரிய நாள். வாரத்தில் ஏழு முறை சொல்லும் ஒரு சொல்லுக்குள் உரிமை என்ற பழம்பொருள் தேயாமல் இருப்பதைக் கண்டபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உரிமையைக் குறித்த சொல் முதுமையைக் குறிக்கத் தொடங்கியதற்கு, குடும்பத்தில் மூத்தவரே உடைமைக்கு உரியவராக இருந்தது காரணமாகலாம் என்று ஊகிக்கத் தோன்றும். ஊகம் நல்லதுதான், ஆனால் அதை ஊகம் என்றே குறித்துக்கொள்ள வேண்டும். எந்த நூற்றாண்டில் எந்தப் பொருள் ஓங்கியது என்பதைச் சொல்ல இலக்கியம் மட்டும் போதாது. நிலவுடைமையாளர் பெயர்களில் ‘கிழான்’, ‘கிழவன்’ என்ற சொற்களைக் காட்டும் சோழர் காலக் கல்வெட்டுகளையும் பார்க்க வேண்டும். கல்வெட்டின் தனிச் சிறப்பு அதில் பெரும்பாலும் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருப்பதே. பாட்டுக்கு அந்த வசதி இல்லை.

மூலத்தைப் பார்ப்பது, பரவலாகச் சொல்லப்படும் சொற்கதைகளையும் சீர்தூக்க உதவும். ‘நாற்றம்’ என்பது முன்பு நறுமணத்தையே குறித்தது, பிறகு தீய மணத்துக்கு இழிந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்ற குறளும், ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்ற ஆண்டாள் பாசுரமும் அதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றன. சான்றுகள் உண்மையானவை, முடிவு பாதி மட்டுமே சரி. சங்கப் பாடல்களில் மீனின் புலவு வீச்சத்துக்கும் ‘நாறு’ என்ற வினையே வருகிறது. பழைய சொல் இரு பக்கமும் செல்லக்கூடிய பொதுச்சொல்லாக இருந்தது. பிற்காலம் அதன் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது. இரண்டு மேற்கோள்களோடு நின்றிருந்தால் இந்த நுட்பம் தெரிந்திருக்காது. ஆகவே ஒரு பொருளுக்கு ஆதரவான சான்று கிடைத்தவுடன், அதற்கு மாறான சான்றையும் தேடும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் எந்தெந்த அடிகளில் வருகிறது என்று காட்டும் சங்க நூல் சொல்லடைவுகளும், 1998 முதல் மின்நூல்களை வழங்கிவரும் மதுரைத் திட்டமும் இதற்குக் கைகொடுக்கும். மின்பதிப்பில் கண்ட அடியை அச்சுப்பதிப்போடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாம் படி: உறவு மொழிகளில் கேட்டுப் பார்த்தல்

தமிழுக்குள் தேடல் முட்டி நிற்கும்போது கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் வழி திறக்கும். இங்கே நம்ப வேண்டியது ஒலியொப்புமையை அன்று, ஒலி மாற்றத்தின் ஒழுங்கை. பால், பத்து, புலி, பூ ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹுலி, ஹூவு என வழங்குகின்றன. சொல் முதலில் நின்ற பகரம் ஹகரமானது ஒரு சொல்லில் மட்டும் நிகழவில்லை, வரிசையாக நிகழ்ந்திருக்கிறது. பழங்கன்னட நூல்களில் பகரமே இருந்தது என்பதால் மாற்றத்தின் திசையும் தெளிவாகிறது. அதேபோல் தமிழின் ஏழு, கோழி ஆகியவை கன்னடத்தில் ளகரத்தோடும் (ஏளு, கோளி), தெலுங்கில் டகரத்தோடும் (ஏடு, கோடி) நிற்கின்றன. நம் செவி கன்னடத்தில் கிவி. இங்கே ககரமே பழையது என்பது மொழியியலாரின் முடிவு. தமிழே எப்போதும் மூத்த வடிவத்தைக் காக்கும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது ஒரு நல்ல திருத்தம்.

பர்ரோ–எமனோ அகராதியில் ஒவ்வோர் உறவுக்கூட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழ், மலையாளத்தில் தொடங்கி கோத்தா, தோடா, கோண்டி, குரூக் வழியாகப் பிராகுயி வரை ஒவ்வொரு மொழியின் வடிவமும் வரிசையாக வரும். மூலத்திராவிட வடிவம் இதுதான் என்று அந்த அகராதி மீட்டுருவாக்கம் செய்து தருவதில்லை. சான்றுகளை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆறாம் படி: வந்து சேர்ந்த சொற்களின் வழியைக் கண்டறிதல்

கடன்சொல் என்று ஐயம் எழுந்தால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எந்த மொழியில் பிறந்தது, எந்த மொழி வழியாக வந்தது, எப்போது முதல் தமிழில் காணப்படுகிறது. அலமாரி, மேசை, சாவி, ஜன்னல், ஏலம், பாதிரி, பீப்பாய் ஆகியவை போர்ச்சுகீசியத் தொடர்பால் வந்தவை. வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்த ஆண்டு 1498 என்பதால், அதற்கு முற்பட்ட நூல் ஒன்றில் இவற்றுள் ஏதேனும் தென்பட்டால் அந்த நூலின் காலத்தையோ பாடத்தையோ மறுபடி ஆராய வேண்டும். துட்டும் கக்கூசும், இலங்கைத் தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோரும் டச்சுக்காரர்களால் வந்தவை. அசல், நகல், வசூல், வக்கீல், ரசீது, சிபாரிசு என்று ஆட்சியையும் வழக்கையும் சார்ந்த சொற்களில் ஒரு பெருங்கூட்டம் அரபு, பாரசீக மூலத்தைக் கொண்டது. எந்தத் துறைச் சொற்கள் எந்த மொழியிலிருந்து வந்தன என்று பட்டியலிட்டாலே, யார் எந்த வேலையாக வந்தார்கள் என்ற வரலாறு விளங்கிவிடுகிறது.

கடன்சொல் வந்த இடத்தில் முன்பு எந்தச் சொல் இருந்தது என்றும் தேடிப் பாருங்கள். ஜன்னலுக்கு முன் சாளரம் இருந்தது. சிலப்பதிகாரத்தில் ‘மான்கண் காலதர்’ இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்போன்ற துளைகள் அமைந்த காற்றுவழி. ஒரு கட்டடத்தின் தோற்றமே இரண்டு சொற்களில் கண்முன் வந்துவிடுகிறது.

வடமொழித் தொடர்புள்ள சொற்களில் லெக்சிகனும் பாவாணரும் கடுமையாக முரண்படுவார்கள். லெக்சிகன் வடசொல் என்று காட்டுவதைப் பேரகரமுதலி தமிழ் வேரிலிருந்து விளக்கும். எந்தப் பக்கம் மனம் சாய்ந்தாலும் இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்து வாசிக்க வேண்டும் என்பதே என் கருத்து. முன்தோன்றிய ஆட்சி எந்த மொழியில் உள்ளது, உறவு மொழிகளில் இணைவடிவங்கள் உண்டா, ஒலி மாற்றம் பிற சொற்களிலும் நிகழ்கிறதா என்ற கேள்விகளுக்கு எந்தப் பதிவு விடை தருகிறதோ அதை ஏற்கலாம். இரண்டும் தராவிட்டால் முடிவைத் தள்ளிவைக்கலாம்.

ஏழாம் படி: இனிமையான பொய்களை விலக்குதல்

ஒலி ஒத்திருந்தால் வேரும் ஒன்று என்று நம்பிவிடுவது எளிது. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கேஷ்’ நம் காசிலிருந்து வந்தது என்று அடிக்கடி படிக்கிறோம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி அங்கே இரண்டு தனித்தனித் தலைச்சொற்களைக் காட்டுகிறது. ரொக்கத்தைக் குறிக்கும் சொல், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. கீழைநாடுகளின் சிறுநாணயங்களை ஐரோப்பியர் அழைத்த மற்றொரு ‘கேஷ்’தான் போர்ச்சுகீசியம் வழியாகக் காசோடு உறவுடையது. உண்மை இங்கே கட்டுக்கதையைவிடச் சுவையானது: இரு வேறு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து சந்தித்திருக்கின்றன. கட்டுமரம், சுருட்டு ஆகியவை ஆங்கிலத்தில் குடியேறியதற்கு ஐயமற்ற சான்று இருக்கும்போது, ஐயத்துக்குரிய உரிமைகளைக் கோர வேண்டிய தேவை நமக்கு இல்லை.

‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்கிறது தொல்காப்பியம். சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் பளிச்சென்று தோன்றாது என்பது அதன் கருத்து. காரணமே இல்லை என்று அது சொல்லவில்லை.

எட்டாம் படி: சீட்டு எழுதுதல்

தேடியதை எழுதி வைக்காவிட்டால் சில மாதங்களில் எல்லாம் கலங்கிவிடும். ஆக்ஸ்போர்டு அகராதி சீட்டுகளால்தான் உருவானது. 1857இல் திட்டமிடப்பட்டு, 1884இல் முதல் பகுதி வெளிவந்து, 1928இல் நிறைவடைந்த அந்தப் பெரும்பணிக்கு, தன்னார்வ வாசகர்கள் லட்சக்கணக்கில் மேற்கோள் சீட்டுகளை அனுப்பினார்கள். தனி மனிதருக்கும் அதே முறை போதுமானது. ஒரு சீட்டில் ஒரு சொல், ஒரே ஒரு மேற்கோள், நூலும் பாடல் எண்ணும், அறிந்த அளவில் காலம், அந்த இடத்தில் பொருள் என்று எழுதுங்கள். உங்கள் ஊகத்தைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். சான்றும் ஊகமும் ஒரே பக்கத்தில் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. கணினியில் வைத்தாலும் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி இருக்கட்டும்.

இணையத்தில் தேடினாலும் அச்சிட்ட அகராதியை முற்றிலும் கைவிட வேண்டாம். தேடுபொறி கேட்ட சொல்லை மட்டும் கொண்டுவந்து தரும். அச்சுப் பக்கத்தில் ‘கிழமை’யைத் தேடும்போது கிழங்கும் கிழக்கும் கிழியும் கண்ணில் படும், அவற்றிலிருந்து புதிய கேள்விகள் பிறக்கும். நான் எழுதிய சீட்டுகளில் கணிசமானவை இப்படிப் பக்கத்துச் சொல்லில் கண் இடறியதால் பிறந்தவை.

விடை கிடைக்காத சீட்டுகளைத் தனிக்கட்டாக வைத்து, புதிதாக ஒரு நூலையோ கல்வெட்டுத் தொகுதியையோ வாசித்து முடிக்கும்போதெல்லாம் அவற்றை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பழஞ்சொல்லைக் கதையிலோ கட்டுரையிலோ ஆள விரும்பினால், முதலில் அதன் சீட்டில் குறைந்தது இரண்டு வெவ்வேறு நூல்களின் மேற்கோள்கள் சேர்ந்திருக்கட்டும். அடிக்குறிப்பின் உதவியில்லாமல் சூழலே பொருளைக் காட்டும்படி வாக்கியத்தை அமைக்க முடிகிறதா என்று பார்த்து, முடியும் இடத்தில் ஆளுங்கள்.